கொள்முதலும் குப்பையும்

பொது நிறுவனங்களின் குப்பையைப் பற்றி எழும் பேச்சு பெரும்பாலும் குப்பைத் தொட்டியருகேதான் தொடங்குகிறது. அது தொடங்க வேண்டிய இடமோ பொருள் வாங்கும் கணக்கேடாகும்.

ஜொகூர் மாநிலத்து யோங் பெங்கை எடுத்துக்கொள்வோம். திடக்கழிவு, பொதுத் துப்புரவு பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சட்டம், 2011 செப்டம்பர் முதல் இம்மாநிலத்தில் நடைமுறையில் உள்ளது. வீட்டுக் குப்பையைப் பிரித்து வைத்தல் 2015 செப்டம்பரில் கட்டாயமாயிற்று. தவறுவோர்க்குத் தண்டம் விதித்தல் 2016 ஜூனில் தொடங்கிற்று. பள்ளி, மருத்துவமனை போன்றவற்றின் கழிவும் நிறுவனத் திடக்கழிவு என இச்சட்டத்துள் அடங்கும். எனினும் இச்சட்டத்தின் நடைமுறை பெரும்பாலும் வாங்கிய பொருள் கழிவான பின்னர்தான் அதனைக் கவனிக்கிறது.

அவ்வளவில் நின்றுவிட்டால் நேர்வது யாது? யோங் பெங்குக்குத் தெற்கே, ஆயர் ஈத்தாமுக்கு அப்பால் உள்ள சிம்பாங் ரெங்கம் விடை கூறும். அங்குள்ள குப்பைமேட்டின் கசிவுநீரால் ஆற்றில் அம்மோனியா மிகுந்து, 2019-ஐ ஒட்டிய காலத்தில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பன்முறை மூட நேர்ந்தது. மக்கள் நீரின்றி அல்லலுற்றனர். உணவுக் கழிவு காற்றுப் புகாமல் அழுகும்போது அதிலுள்ள புரதம் சிதைந்து அம்மோனியா உண்டாகிறது. நீரைத் தூய்மை செய்ய இடும் குளோரினின் ஆற்றலை அது குன்றச் செய்கிறது. ஆகவே, சிற்றுண்டிச் சாலையில் மிஞ்சும் சோற்றுக்கும் நாம் குடிக்கும் நீருக்கும் தொடர்புண்டு.

இதனை உணர்ந்த நாடுகள் வாங்கும் முறையையே திருத்த முற்பட்டன. ஜப்பான் 2000-ஆம் ஆண்டிலேயே அரசு நிறுவனங்களின் பசுமைக் கொள்முதலுக்குச் சட்டம் இயற்றியது. மலேசியாவோ, தேர்ந்தெடுத்த பொருள்களில் அரசுக் கொள்முதலின் 20 விழுக்காடு 2020-க்குள் பசுமைப் பொருளாதல் வேண்டுமெனப் பதினொன்றாம் மலேசியத் திட்டத்தில் குறிக்கோள் வகுத்தது.

தடை ஒன்றுண்டு. மலிவான பொருளை வாங்குவதே சிக்கனம் என்பது அலுவலக வழக்கம். ஆனால், அப்பொருளை அள்ளிச் சென்று புதைக்கும் செலவு வேறொருவர் கணக்கில் ஏறுவதால், வாங்குவோர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. கழுவிப் பயன்படுத்தும் தட்டுக்கு ஆள்கூலி உண்டு என்பதும் மெய்யே. இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் எது மலிவு என்பது விளங்கும். பள்ளிகள் ஒரு வாரக் குப்பையை வகை பிரித்து நிறுத்து, அதே வாரத்துக் கொள்முதல் ஏட்டோடு ஒப்பிடலாம்; மாணவர்க்கு அதுவே நல்ல கணக்குப் பாடமுமாகும்.

'முதல்' என்னும் சொல்லுக்குக் கைப்பொருள் என்றும் தொடக்கம் என்றும் இரு பொருளுண்டு. கொள்முதலில் நாம் கைப்பொருளை மட்டுமே எண்ணுகிறோம். குப்பையின் தொடக்கமும் அதுவே என்பதை மறத்தலாகாது.