பெருமிதமும் செருக்கும்

மனிதனிடத்துள்ள குற்றங்களுள், பிறர்மாட்டு எளிதிற் காணக்கூடியதும் தன்மாட்டுக் காண்டற்கு அரியதும் ஒன்றுண்டு. அதுவே செருக்கு. அகந்தை, ஆணவம், இறுமாப்பு, தருக்கு, மமதை எனத் தமிழில் அதற்குப் பெயர்கள் பல. ஒன்றுக்கு இத்தனை பெயர்கள் வழங்குமாயின், அது நம் சமுதாயத்தில் ஓயாது புழங்கியிருத்தல் வேண்டும். சைவசித்தாந்திகள் ஆணவத்தை மும்மலங்களுள் மூலமாக வைத்து, செம்பிற் களிம்பு போல உயிரோடு அநாதியாகவே உடனிருப்பது என்றனர்.

ஆயினும், செருக்கைக் கடிந்த நம் முன்னோர் ஒருவன் தலைநிமிர்ந்து நிற்பதைக் கடிந்தாரல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் பெருமிதத்தையும் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை என நான்கு. இந்நான்கும் ஒருவன் தானே முயன்று ஈட்டுவன. குலப்பிறப்பு இப்பட்டியலில் இடம்பெறவில்லை. செல்வமும் இல்லை, அதனை உவகையின் நிலைக்களன்களுள் வைத்தார் ஆசிரியர். பொருளுடையவன் மகிழலாம், அதனைக் கொடுத்தவனே பெருமிதம் கொள்ளலாம். இஃது ஆழ்ந்து சிந்திக்கத்தக்க பாகுபாடு.

வள்ளுவரும் குற்றங்கடிதல் என்னும் அதிகாரத்தைச் செருக்கைக் கொண்டே தொடங்குகின்றார். பணிவு எல்லார்க்கும் நன்று என்று கூறியவர், செல்வர்க்கு அது மற்றொரு செல்வம் என்றார். பணிவு உயர்ந்த இடத்திலிருப்பவனிடம் முதலில் எதிர்பார்க்கப்படுகின்றது என்பதே இதன் கருத்து. நாமோ அதனைத் தலைகீழாக்கி, ஏலவே குனிந்து நிற்பவனுக்கே பணிவைப் போதித்து வருகின்றோம்.

புலவர்க்கு நன்னூல் வகுத்த விதியும் நயமானது. எத்துணைக் கற்றவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகுதியன்று என்றார் பவணந்தியார். அடுத்த சூத்திரத்திலேயே, அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையேயும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி பழித்தபோதும் தற்புகழ்ச்சி தகும் என விலக்களித்தார். தற்புகழ்ச்சிக்கு இடமும் காலமும் வகுத்த இலக்கணம் இது.

களரியிலே கண்ட செருக்கு

ஏட்டிலுள்ள இவ்வுண்மைகளை எனக்கு உணர்த்தியது நான் வாழும் ஊர்ப்புறமே. மட்டக்களப்பிலிருந்து வாழைச்சேனைக்குச் செல்லும் பெருந்தெருவிற் சந்திவெளியைக் கடந்தால் வருவது கிரான். மேற்கே வயல்வெளி, அதற்கும் அப்பால் குடும்பிமலை. வேளாண்மை வெட்டிச் சூடடித்து ஓய்ந்தபின், இரவுகளில் மத்தள ஒலி கேட்கும் நாடு இது. வடமோடியும் தென்மோடியும் இப்பகுதி மக்களின் கலைச்செல்வங்கள்.

வடமோடிக் கூத்திலே அரசன் களரிக்கு வரும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறவார். கரப்புடுப்பும் முடியும் பளபளக்க அவன் ஆடி வருவான். அவன் கீர்த்தியெல்லாம் பாட்டாக முழங்கும். வீரமும் வீம்பும் அவ்வரவிற் கலந்தே நிற்கும். ஆனால் இரவு தேயத் தேயக் கதை போரை நோக்கிச் செல்லும். வடமோடி பெரும்பாலும் வீழ்ச்சியிலும் மரணத்திலும் முடிவது. விடியும் வேளையில் மன்னன் மண்ணிற் கிடப்பான். முடியைக் கழற்றியவன், மறுநாள் போடியாரின் வயலில் முல்லைக்காரனுக்குக் கீழே கூலிக்கு நிற்பான்.

இதனைக் காணும்போதெல்லாம் ஓர் ஐயம் என்னுள் எழுவதுண்டு. அந்த ஓர் இரவில் அவ்வுழைப்பாளி கொண்ட மிடுக்கைச் செருக்கென்று சொல்லலாமா? பல நாள் கண்விழித்துப் பழகி, தாளம் பிசகாது ஆடி, ஊரைக் கண்ணிமையாது இருத்தியவன் அவன். தொல்காப்பியர் வகுத்த கல்வியும் புகழும் அவனிடத்தே நிறைந்துள்ளன. அது பெருமிதம். மறுநாள் அவனை வரப்பிலே காக்கவைத்து, முகம் பாராமற் கூலி கொடுப்பவரிடம் காணப்படுவதுதான் செருக்கு.

1964 இற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் மேடையேற்றிய ‘இராவணேசன்’, மட்டக்களப்பின் வடமோடி ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்டு இராவணனைத் துன்பியல் நாயகனாகக் காட்டியது. அதற்கு வேண்டிய வித்து கம்பனிடத்திலேயே உண்டு. முதல்நாட் போரில் வெறுங்கையனாய்த் திரும்பும் இராவணன், வானும் மண்ணும் நகுவதைப் பொருட்படுத்தாது, சானகி நகுவாளே என்று நாணிச் சாம்புகின்றான். பின்னர், தான் தோற்றாலும் இராமன் பெயர் நிலைக்குமளவும் தன் பெயரும் நிலைக்கும் என்று தேறுகின்றான். தனது பெயர் வாழ்வதற்குப் பகைவனது பெயரையே பற்றுக்கோடாகக் கொள்ளும் நிலை இது. செருக்கு தன் காலில் நிற்பதன்று. எதிரி ஒருவனைச் சார்ந்தே அது நிற்கும்.

முறியும் கொம்பு

இவ்வுண்மையை மட்டக்களப்பு மக்கள் ஒரு விளையாட்டாகவே ஆடிக் காட்டினர். கண்ணகியம்மன் வழிபாட்டோடு இணைந்த கொம்புமுறி விளையாட்டே அது. வளைந்த வன்மரக் கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொழுவி, வடம் பூட்டி, வடசேரியாரும் தென்சேரியாரும் இழுப்பர். ஒரு கொம்பு முறியும், வென்றவர் ஆர்ப்பரிப்பர், தோற்றவரை வசைபாடுவர். ஒரே வீட்டிற் கணவன் ஒரு சேரியாகவும் மனைவி மறு சேரியாகவும் இருப்பதுண்டு. ஆகவே, யாரை இன்று ஏளனம் செய்கின்றோமோ அவர் சமைத்த சோற்றை உண்ணத்தான் வீடு திரும்பவேண்டும்! சிங்கள மக்களும் பத்தினித் தெய்வத்தின் பெயரால் ‘அங்கெலிய’ என்று இவ்விளையாட்டையே ஆடினர்.

மற்றக் கொம்பிற் கொழுவாத கொம்பினால் வெல்ல இயலாது. செருக்கின் இலக்கணமும் இதுவே. கண்ணகியின் சினம் தணியவேண்டுமென்று ஆடிய ஆட்டத்தில், மனிதர் தம்முட் கிடக்கும் வீம்பையும் ஒரு நாட்குறித்து, ஓர் எல்லைக்குள் முறித்துப்போட்டனர். வசை அவ்வெல்லையைக் கடந்தபோது கலகம் விளைந்ததும் உண்டு. இன்று அவ்விளையாட்டு அருகிவிட்டது. ஆனால் சேரிச் சண்டை அருகிற்றா?

களரிக்கு வெளியே

கோயில் முதன்மை யாருக்கு, திருவிழா எந்தக் குடிக்கு, அழைப்பிதழில் எவர் பெயர் மேலே என்பன இன்னும் நம்மைப் பிரிக்கும் வினாக்கள். அரசமுடி யார் தலைக்கு என்ற பிணக்கினாற் கூத்தே நின்றுபோன ஓர் ஊரை நான் அறிவேன். ஊரின் பெயர் வேண்டாம். மத்தளம் ஆண்டுக்கணக்காக வளையிலே தொங்கியது என்பது மட்டும் போதும். முடிக்காகச் சண்டையிட்டவர்கள் இறுதியில் முடியையே இழந்தார்கள்.

எழுத்தாளராகிய நாமும் விலக்கல்லர். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தன்னை ஒப்பிட்டுக் காப்பியத்தைத் தொடங்கினான் கம்பன். நாமோ சிறு நூல் ஒன்றை அச்சேற்றி, பொன்னாடைக்கும் பட்டத்துக்கும் நாள் பார்க்கின்றோம்.

இவற்றினும் பெரிது, இனத்தின் பெயரால் எழும் செருக்கு. என் மொழி இனிது என்பது பெருமிதம். உன் மொழி இழிந்தது என்று சொல்லாமல் அது நிறைவுறாவிடிற் செருக்கு. 2009 இல் முடிவுற்ற போரின் நீண்ட ஆண்டுகளில் இந்நாடு அதற்குக் கொடுத்த விலையைக் கோறளைப்பற்றின் வயல்களும் வீடுகளும் அறியும்.

ஆகவே, நம்மை நாமே அளந்துகொள்ள ஓர் அளவுகோல் போதும். நான் நிமிர்ந்து நிற்பதற்கு வேறொருவன் குனியவேண்டுமா? வேண்டாமெனின், தயங்காது நிமிர்ந்து நிற்கலாம். அது தமிழ் மரபு நமக்கு அளித்த உரிமை. வேண்டுமெனின், கொம்பு முறியும் நாள் தொலைவில் இல்லை.