டிரான்சிட் ஏழு மணி, வீட்டில் இரண்டு மணி

சிங்கப்பூருக்குப் போகிற வழியில் பினாங்கில் இறங்கிச் சொந்தபந்தங்களைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ரஜூலா கப்பல் காலத்திலேயே சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் பினாங்கைத் தொட்டுத்தான் போனார்கள். பின்னால் வந்த எம்.வி. சிதம்பரத்துக்கும் அதே வழி. 1985-இல் அந்தக் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி நின்றுபோனது. 2024 டிசம்பர் 21-இல் சென்னை–பினாங்கு நேரடி விமானம் தொடங்கிய பிறகு, அந்த வழக்கம் வேறு உருவில் திரும்பியிருக்கிறது.

என் அத்தை 1979-இல் கல்யாணமாகி, சிதம்பரம் கப்பலில் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போனவர். துறைமுகத்தில் வழியனுப்பியவர் என் அப்பா. பக்கவாதம் வந்தபின் அப்பாவால் விமானம் ஏற முடியாது. அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்து ஒன்பது வருடமாகியிருந்தது. இந்த வருடம் சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்ட அத்தை, காலை எட்டரைக்குப் பினாங்கில் இறங்கி, மாலை மூன்றரைக்கு அடுத்த விமானம் பிடிப்பதாக ஏற்பாடு.

ஏழு மணி நேரம் தாராளம் என்றுதான் தோன்றும். வானொலியில் நேரம் சொல்லியே பிழைக்கிறவள் நான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடிநுழைவுக்கும் பெட்டி எடுக்கவும் ஒரு மணி. பாயான் லெப்பாஸிலிருந்து ஜுருவுக்குப் பாலம் தாண்டி நாற்பது நிமிடம், திரும்ப நாற்பது. அடுத்த விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். மிச்சம் இரண்டு மணி பத்து நிமிடம்.

ஜுருவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி, இரண்டு பாலங்களுக்கும் நடுவில் இருக்கிறோம். 1985-இல் திறந்த பழைய பாலம் நெரிந்தால், 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்தில் பத்து காவான் வழியாகப் போகலாம். காலையில் நெரிசல் தீவை நோக்கி. மாலையில் தொழிற்சாலைகள் விடும் நேரத்தில் பெருநிலத்தை நோக்கி. மாலையில் இறங்குகிற விருந்தாளிக்கு அரைமணி கூடுதலாகவே ஒதுக்குங்கள்.

இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது. இந்தியக் கடப்பிதழ்காரர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பியாக வேண்டும். வயதானவர்களுக்குப் பிள்ளைகள்தான் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

அக்கம்பக்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கு வருத்தம்தான். சொல்லியிருந்தால் வாசலில் செருப்பு நிறைந்திருக்கும். அத்தை ஆளுக்கு ஐந்து நிமிடம் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அடுப்படி வேலையையும் முதல் நாள் இரவே முடிக்கச் சொன்னேன். இட்லி மட்டும் காலையில் வைத்தார்.

வந்ததும் இருவரும் வெகுநேரம் பேசவில்லை. அத்தை அப்பாவின் இடது கையைப் பார்த்தார். "நகம் இவ்வளவு வளர்ந்திருக்கே அண்ணே" என்று நகவெட்டி கேட்டு வாங்கி, ஒவ்வொரு விரலாக வெட்டினார். அதற்கப்புறம்தான் பேச்சு வந்தது. அப்பாவுக்கு வார்த்தைகள் மெதுவாகத்தான் வரும். அத்தை குறுக்கே பேசவில்லை. கப்பலுக்குக் கட்டிக்கொடுத்த புளிச்சோறு, கெட்டுப்போன கதையெல்லாம் அன்றுதான் நான் கேட்டேன்.

பன்னிரண்டு இருபதுக்குக் காரை எடுத்தேன். தீவுக்குள் போகும்போதுதான் பாலத்தில் டோல் என்று அத்தைக்குச் சொன்னேன். "வந்தா இலவசம், போனா காசா?" என்றார்.

அடுத்த மாதம் திரும்பும்போதும் இங்கேதான் இறங்குகிறார். பதினோரு மணி நேரம் இருக்கும்படி டிக்கெட்டை மாற்றச் சொல்லியிருக்கிறார் அப்பா.