காப்புக்குக் காப்பு

ஒரு பொருளைப் பேணுதலாவது அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டுதல் மட்டுமன்று. வேண்டியபோது வேண்டியதை எடுத்தற்கு வழி செய்து வைத்தலுமாம். ஏட்டுச் சுவடிகளைப் பழுதுபடுமுன் பெயர்த்தெழுதி வைத்த நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். இன்று பாடசாலைகளின் சேர்விடாப்பும், புள்ளிப் பதிவுகளும், விழாப் படங்களும் கணினியில் ஏறி வருகின்றன. அவற்றுக்குப் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். ஆயின், அப்பிரதிகள் எங்கெங்கே உள்ளன எனக் காட்டும் அட்டவணைக்கும் ஒரு பிரதி வேண்டும் என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். அதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பக்குலா என்னும் மென்பொருளை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கேர்ன் சிபால்ட் என்பார் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முயற்சி 2002இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. பல கணினிகளிலுள்ள கோப்புகளுக்குக் காப்புப் பிரதி எடுத்தல் இதன் தொழில். இயக்குநர் என்னும் உறுப்பு எதனை எப்பொழுது பிரதி செய்வது என ஏவும். கோப்பு முகவர் கோப்புகளைப் படித்து அனுப்பும். சேமிப்பு முகவர் அவற்றை நாடாவிலோ வட்டிலோ எழுதும். எந்தக் கோப்பு, எந்த நாளில், எந்த நாடாவில், எவ்விடத்தில் எழுதப்பட்டது என்னும் கணக்கு முழுவதும் போஸ்ட்கிரெஸ் போன்றதொரு தரவுத்தளத்தில் பதியப்படும். இதுவே அட்டவணை.

அட்டவணை அழிந்தால் நாடாக்கள் அழிந்துவிடா. ஆயினும், பெயர்ப்பட்டியல் இல்லாத பெரியதொரு நூல்நிலையத்தில் ஒரு நூலைத் தேடுவோன் நிலையே நம் நிலையாகும். பிஸ்கான் என்னும் கருவி நாடாக்களைத் தலை முதல் கடை வரை படித்து அட்டவணையை மீளக் கட்டித் தரும் என்பது உண்மையே. ஆனால் நாடாக்கள் பலவாயின் அதற்குச் செல்லும் காலமும் மிகுதி. பிறந்த திகதிக்குச் சான்று வேண்டி ஒருவர் அலுவலக வாயிலில் நிற்கும்போது அத்துணைக் காலம் காத்திருக்க இயலுமோ?

ஆதலின், பக்குலாவுடன் வரும் மாதிரி அமைப்பிலேயே அட்டவணையைப் பிரதி செய்வதற்குத் தனியொரு பணி குறிக்கப்பட்டுள்ளது. ஏனைய பணிகளுக்கு முன்னுரிமை எண் 10, இதற்கு 11. எண் பெரிதாயின் முறை பிந்தும். எனவே, அன்றிரவுப் பணிகள் யாவும் முடிந்தபின், அவற்றின் கணக்கையும் சேர்த்துக்கொண்டு இது நடைபெறும். முதலில் ஒரு சிறு நிரல் தரவுத்தளத்தின் உள்ளடக்கத்தை ஒரே கோப்பாக எழுதி வைக்கும். பின்னர் அக்கோப்புச் சேமிக்கப்படும். தரவுத்தளத்தின் மூலக் கோப்புகளை அப்படியே நகல் செய்தால் ஆகாதோ எனின், ஆகாது. அது இயங்கிக்கொண்டிருக்கையில் ஒரு பகுதி மாறியும் மறுபகுதி மாறாதும் இருக்கக்கூடும். அந்நகல் பொருந்தா ஓலைகளைக் கோத்த சுவடி போலாகும். பிஜி டம்ப் என்னும் கருவியோ ஒரு கணத்து நிலையை முரணின்றி எழுதித் தருவது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அட்டவணையின் பிரதி எழுதப்பட்ட பின்னரே அது நாடாவில் ஏறுகின்றது. ஆகவே, தான் எந்நாடாவில் எவ்விடத்தில் வைக்கப்பட்டது என்னும் செய்தி அப்பிரதியினுள் இராது. பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்ற நிலை இது. இதனைத் தீர்ப்பது பூட்ஸ்ட்ராப் எனப்படும் சிறு கோப்பு. எந்த நாடா, எந்த இடம் என்பதைச் சில வரிகளில் அது சொல்லும். அச்சிறு கோப்பை அச்சேவையகத்திலேயே வைத்தல் பயனற்றது. மின்னஞ்சலாகவோ வேறொரு கணினிக்கோ அனுப்பி வைத்தல் வேண்டும். சேவையகம் எரிந்து போன நாளில் அச்சில வரிகளே நமக்குக் கைவிளக்காகும்.

இனி, கொள்கலச் சூழலுக்கு வருவோம். 2013இல் வெளிவந்த டொக்கரால் பெரிதும் பரவிய முறை இது. ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டியவற்றையும் ஒருங்கே கட்டி, ஏனையவற்றிலிருந்து பிரித்து இயக்குவதைக் கொள்கலம் என்பர். ஒரே கணினியில் இயக்குநர் ஒரு கொள்கலத்திலும், தரவுத்தளம் வேறொன்றிலும், கோப்பு முகவர் மற்றொன்றிலும் இருத்தல் கூடும். ஒரு வீட்டில் கூடியிருந்தோர் தனித்தனி வீடு புகுந்தாற் போன்றது இது. முன்பு தாமாக நடந்தவை இப்பொழுது சொல்லிச் செய்விக்க வேண்டியவையாகின்றன. கவனிக்கற்பாலன மூன்று.

முதலாவது, கொள்கலம் நிலையற்றது. அதனை நீக்கிப் புதியதை அமைக்கும்போது அதனுள் எழுதப்பட்டவை உடன் மறையும். ஆகவே, தரவுத்தளத்தின் கோப்புகளைக் கொள்கலத்துக்குப் புறம்பான வொல்யூம் என்னும் சேமிப்பிடத்தில் வைத்தல் வேண்டும். ஆயினும் அவ்வொல்யூமும் அதே கணினியில் இருப்பின் அது காப்புப் பிரதி ஆகாது.

இரண்டாவது, பிரதி எழுதும் நிரல் இயக்குநரின் கொள்கலத்தில் ஓடுகின்றது. தரவுத்தளமோ வேறிடத்தில் உள்ளது. கொள்கலத்துள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அக்கொள்கலத்தையே குறிக்கும். எனவே தரவுத்தளத்தின் பெயரையும் கடவுச்சொல்லையும் வெளிப்படக் குறித்தல் வேண்டும். பிஜி டம்ப் கருவியும் இயக்குநரின் கொள்கலத்தில் இருத்தல் வேண்டும். தரவுத்தளத்தை மட்டும் புதிய தலைமைப் பதிப்புக்கு உயர்த்தினால், பழைய கருவி அதனைப் படிக்க மறுத்துவிடும்.

மூன்றாவதே மிக்க ஏதமுடையது. இயக்குநரின் கொள்கலத்தில் எழுதப்பட்ட பிரதியை, வேறு கொள்கலத்திலுள்ள கோப்பு முகவர் காணமாட்டாது. இருவர்க்கும் பொதுவான ஒரு வொல்யூம் அமைத்தாலன்றி அது கைமாறாது. கோப்பைக் காணாத முகவர் பணியை முழுத் தோல்வி எனக் கூறுவதில்லை. எச்சரிக்கையுடன் நிறைவேறியது என்றே அறிக்கை வரும். நாள்தோறும் அவ்வறிக்கையைக் காண்போர் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது விடுவர். நாடாவில் அட்டவணை இராது. அதனை அறிபவரும் இரார். ஆதலின் அறிக்கையின் முடிவுச் சொல்லைப் பார்த்து அமையாது, சேமிக்கப்பட்ட கோப்புகளின் எண்ணையும் அளவையும் பார்த்தல் வேண்டும்.

இவற்றோடு இயக்குநரின் அமைப்புக் கோப்புகளையும், கொள்கலங்களைக் கட்டும் குறிப்புகளையும், மறையீட்டுத் திறவுகள் உளவாயின் அவற்றையும் வெளியே பாதுகாப்பாக வைத்தல் வேண்டும். அட்டவணை கிடைத்தும் அதனை ஏற்றுதற்கு இடமின்றேல் பயன் யாது?

இவையனைத்தும் செய்தபின் எஞ்சுவது சோதனை. மீட்டுப் பாராத பிரதி ஏட்டுச் சுரைக்காய் போன்றது, கறிக்கு உதவாது. கொள்கலத்தின் நிலையாமை இங்கே நமக்குத் துணையாகின்றது. அதே பதிப்பையுடைய வெறுந் தரவுத்தளக் கொள்கலம் ஒன்றைத் தொடங்கி, பூட்ஸ்ட்ராப் கோப்பின் துணைகொண்டு மீட்ட அட்டவணையை அதில் ஏற்றுக. நேற்றைய பணிகளின் பதிவு அதில் உளதாவெனப் பார்த்து, பின் அக்கொள்கலத்தை நீக்கிவிடுக. இயங்கும் சேவையகத்துக்கு இதனால் யாதொரு தீங்கும் இல்லை. திங்களுக்கு ஒருமுறையேனும் இதனைச் செய்தல் நன்று.

நம் பழைய மாணவருள் கணினித் துறையில் விளங்குவோர் பலர். தாம் கற்ற பாடசாலையின் பதிவுகளுக்குப் பிரதி எடுக்க உதவுவோர், அட்டவணையையும் அதன் திறவுகோலையும் மறவாதிருப்பாராக. அத்துடன், அவற்றை மீட்கும் முறையை ஒரு தாளில் தெளிவாக எழுதி, அலுவலகத்தில் ஒருவரிடம் கொடுத்து வைப்பாராக. அறிந்தவர் ஊரில் இல்லாத நாளிலும் அத்தாள் பேசும்.