குளம் வற்றும்போது முளைக்கும் புல்

கோடை முற்றினால் திருகோணமலை நகரின் புள்ளிமான்கள் சந்தையையும் பஸ் நிலையத்தையும் சுற்றத் தொடங்கும். பிரெட்றிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மேய்ந்து நின்றவைதான். கோட்டைப் புல் கருகியதும் அவற்றுக்குக் கிடைப்பது மரக்கறிக் கழிவும் கடதாசியும், கூடவே ஒட்டிவரும் பொலித்தீனும். மழை இல்லாத ஊர் என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் பெய்கிறது. எந்நாளும் பச்சையாகத் தெரியும் லண்டனுக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை.

எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது, எத்தனை நாள் இடைவெளியில் பெய்தது என்பதே புல்லுக்கு முக்கியம். ஐப்பசியிலிருந்து தை வரை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மழை கொட்டித் தீர்ந்துவிடும். ஜூன் மாதத்தில் 30 மில்லிமீற்றர் தேறினாலே பெரிது. அந்த நேரம் பார்த்துக் கச்சானும் வீசும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டுக் கிழக்கே இறங்கும். இறங்க இறங்க அழுத்தம் கூடிச் சூடேறும். நம்மை வந்தடையும்போது அது காய்ந்த அனல்காற்று. அந்த நாட்களில் திறந்த நீர்ப்பரப்பு ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றருக்கு மேல் ஆவியாகப் பறிகொடுக்கும்.

அப்படியானால் ஆடியில் விழும் ஒரு சிறு தூறலால் பயன் உண்டா? அமெரிக்காவின் வறண்ட குட்டைப்புல் வெளியில் 5 மில்லிமீற்றர் மழைகூட வாடிய புல்லை மீட்கும் என்று ஓஸ்வல்டோ சாலாவும் வில்லியம் லோயன்ரொத்தும் 1982இல் காட்டினார்கள். மேல்மண்ணிலேயே வேரைப் பரப்பி வைத்திருக்கும் புல், அந்த ஈரம் ஆவியாவதற்குள் உறிஞ்சிக்கொள்கிறது. நம்முடைய அறுகும் இந்த வித்தையில் கெட்டி. வெயிலில் மேற்புறம் செத்ததுபோல் கிடந்தாலும் நிலத்தடித் தண்டு உயிரோடு இருக்கும்.

அதே மழையைக் குறைந்த தடவையில், பெரிய பெரிய மழையாகப் பெய்வித்தால்? கன்சாஸ் மாநிலத்தின் கொன்ஸா புல்வெளியில் அலன் நாப் குழுவினர் கூரை போட்டு மழையைப் பிடித்து, மொத்த அளவைக் குறைக்காமல் இடைவெளியை மட்டும் நீட்டித் திரும்ப ஊற்றிப் பார்த்தார்கள். 2002இல் வெளிவந்த முடிவின்படி புல்லின் வளர்ச்சி சுமார் 10 சதவீதம் குறைந்தது. ஈரவளமான வெளி அது. சில ஆண்டுகள் கழித்துக் கொலராடோவின் வறண்ட வெளியில் இதேபோன்ற சோதனை செய்தபோது விடை தலைகீழானது: பெரிய மழை வளர்ச்சியைக் கூட்டியது. வறண்ட நிலத்தில் பெரிய மழைதான் ஆவியாகும் மேற்படையைத் தாண்டி ஆழத்துக்கு இறங்குகிறது. என் பார்வையில் திருகோணமலையின் தனித்தன்மை இதுதான்: ஒரே மேய்ச்சல் தரை மார்கழியில் கொன்ஸாவைவிட நனைந்து கிடக்கும், ஆடியில் கொலராடோவாகக் காயும்.

கோடை முடிவில் விழும் முதல் மழைக்கு வேறொரு மகிமை உண்டு. கென்யாவில் பணியாற்றிய பேர்ச் என்ற மண்ணியலாளர் 1958இல் இதை விளக்கினார். காய்ந்த மண் திடீரென நனைந்ததும் நுண்ணுயிர்கள் விழித்துச் சேதனப் பொருட்களை வேகமாகச் சிதைக்க, புல்லுக்கு வேண்டிய நைதரசன் ஒரேயடியாக வெளிவருகிறது. புரட்டாதி மழைக்குப் பின் நாலே நாளில் தரை பச்சைபிடிப்பதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை. பிறகு வரும் கார்த்திகை அடைமழை மிச்ச நைதரசனைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

மாரி மழையைக் கோடைப் புல்லாக மாற்றித் தருபவை குளங்களும், வில்லு எனப்படும் ஆழங்குறைந்த வெள்ளத் தேக்கங்களும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலைச் சேருமுன் சோமாவதிப் பக்கம் பரந்து கிடக்கும் வெள்ளச் சமவெளியில் வில்லுகள் உண்டு. கந்தளாய், கவுடுல்ல, மின்னேரியா போன்ற குளங்களின் உட்தரையும் அப்படித்தான். மாரியில் மூழ்கிக் கிடக்கும் வண்டல், தண்ணீர் பின்வாங்கும் கோடையில் ஓரத்திலிருந்து பட்டை பட்டையாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு பட்டையும் ஈரத்தோடும் எருவோடும் வெளியே வருவதால் அங்கே எப்போதும் இளம்புல் இருக்கும். முற்றிய புல்லில் நார் ஏறிப் புரதம் குறைந்துவிடும், இளம்புல்தான் தீனி. ஆகஸ்ட், செப்டெம்பரில் மின்னேரியாவிலும் கவுடுல்லவிலும் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவது இதற்காகவே.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அம்பன் கங்கையில் மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018இல் திறக்கப்பட்ட பின், கோடையிலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் வந்து குளம் நிறைந்து நின்ற ஆண்டுகள் உண்டு. கமக்காரருக்கு நல்ல செய்திதான். ஆனால் உட்தரை வெளிப்படாததால் புல் இல்லை. யானைகள் வேறு பக்கம் போயின. வறட்சியில் நிறைந்த குளத்தைப் பார்த்து மகிழப் பழகிய நமக்கு இது விளங்கச் சற்று நேரம் எடுக்கும்.

மாட்டுக்காரரின் நாட்காட்டியும் இதே நீரோடு பிணைந்தது. மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை முடிந்ததும் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் வயல்களில் தாள் மேயலாம். சிறுபோகம் விதைத்தால் குளத்தோரமும் வில்லும். மாரியில் வயலெல்லாம் நெல், பள்ளமெல்லாம் வெள்ளம். புல் நன்றாக வளரும் பருவத்தில்தான் மாட்டுக்கு மேய இடமில்லை. 2022 டிசம்பரில் மாண்டவுஸ் புயலையொட்டிய குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. மெலிந்த உடம்பு குளிரைத் தாங்காது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதி, விதைக்கும் திகதி, மாடுகளை வயலிலிருந்து அப்புறப்படுத்தும் திகதி எல்லாம் முடிவாகும். அந்தத் திகதிக்குப் பிறகு மாடுகள் எங்கே மேயும் என்பது அநேகமாக மாட்டுக்காரர் பாடு.