பல்கலைக்கழக நியமனமும் விடுகையும்

அரசாங்க உத்தியோகத்தில் லீவு என்றால் ஓய்வு என்றே பெரும்பாலோர் பொருள் கொள்வர். காய்ச்சலுக்கு ஒரு லீவு, கல்யாணத்துக்கு ஒரு லீவு. பல்கலைக்கழக ஆசிரியர் பெறும் நீண்ட விடுகை இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அது அவருடைய உத்தியோகத்தின் ஒரு பகுதியேயாகும். "மூன்று வருடமாக இலண்டனில் இருக்கிறாராம், சம்பளம் மட்டும் இங்கேயாம்" என்று படுவான்கரைப் பெற்றோர் குறை கூறுவதைப் பன்முறை கேட்டிருக்கிறேன். அக்குறையில் ஒரு பங்கு நியாயம் உண்டு; அதைப் பின்னர்ச் சொல்வேன்.

முதலில் நியமனத்தை நோக்குவோம். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நடைபெறுகின்றன. வெற்றிடம் விளம்பரப்படுத்தப்படும், தெரிவுக்குழு விண்ணப்பதாரரைக் காணும், பேரவை நியமனம் வழங்கும். சிறந்த சித்தியுடன் பட்டம் பெற்று வரும் இளைஞர் முதலில் தகுதிகாண் விரிவுரையாளர் ஆவார். எட்டு ஆண்டுகளுக்குள் அவர் உயர்பட்டம் பெற்றுவிடல் வேண்டும். இல்லையேல் பதவி நிலையாது. நம் பாடசாலைகளில் நியமனக் கடிதம் கையில் கிடைத்தால் பாதி வாழ்க்கை முடிந்ததாக நினைக்கிறோம். அங்கே அது தொடக்கந்தான். உயர்பட்டம் தேடி வெளிநாடு செல்பவருக்குக் கற்கை விடுகை வழங்கப்படுகிறது. திரும்பிவந்து குறித்த காலம் சேவை செய்வேன் என்று அவர் பிணைமுறியில் கையொப்பம் இடுகிறார்.

மற்றொன்று சபாட்டிக்கல் லீவு. யூதர்கள் ஏழாவது ஆண்டில் நிலத்தை உழாது விடும் வழக்கத்திலிருந்து இப்பெயர் பிறந்தது. 1880ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாவட் பல்கலைக்கழகம் இதனை ஆசிரியர்களுக்கு ஏற்படுத்தியது. நமது நாட்டிலும் ஏழாண்டு பணி புரிந்தவர் ஓராண்டு விடுகை பெறலாம். சேனைப் பயிர் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிலத்தைச் சிலகாலம் சும்மா விடுபவன் சோம்பேறி என்று எவரும் சொல்வதில்லையே.

விடுகையின் பயனை நம் பகுதி நன்கு கண்டிருக்கிறது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளார் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக நியமனம் பெற்றார்; இரண்டொரு ஆண்டுகளில் அப்பதவியை விட்டு நீங்கினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இரு பதவிகளுக்கும் இடைப்பட்ட காலத்திலும் அவருடைய இசையாராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதன் பயனாகிய யாழ் நூல் 1947இல், அவர் மறைந்த அதே ஆண்டில், அரங்கேறியது. அடிகளார் துறவி, மாதச் சம்பளம் நின்றால் வாடும் குடும்பம் அவருக்கு இல்லை. இல்லறத்தாராகிய அறிஞருக்கு அந்தச் சுதந்திரத்தைச் சட்டந்தான் அளிக்கவேண்டும்.

க. கைலாசபதி பேராதனையில் விரிவுரையாளராக இருக்கையில் பேமிங்காம் சென்று பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்தார். அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போட்டில் ஆங்கில நூலாக வெளிவந்தது. அதற்கு முன்னர் சு. வித்தியானந்தன் இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று வந்து, 1960களில் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் துணையோடு நமது வடமோடிக் கூத்தைப் பேராதனை மேடையில் ஏற்றினார். களரியில் விடிய விடிய ஆடியதைப் படித்த உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. இவ்விருவரும் திரும்பி வந்தவர்கள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் கைலாசபதி. 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தரானவர் வித்தியானந்தன். தனிநாயகம் அடிகள் 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராகச் சென்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கு அவர் காரணமாயிருந்தார். தமிழுலகம் பெற்றது பெரிது. பேராதனை இழந்ததும் சிறிதன்று.

இனி, வந்தாறுமூலைக்கு வருவோம். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம், மூத்த ஆசிரியர்கள் நிலைபெறுமுன்னரே யுத்தத்தினுள் அகப்பட்டது. 2006ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் திகதி அதன் உபவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் கொழும்பிற் காணாமற்போனார்; அவர் திரும்பவில்லை. விடுகை விதிகள் எவற்றுள்ளும் அடங்காத இல்லாமை அது. அத்தகைய காலங்களில் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தவரை "ஏன் திரும்பவில்லை?" என்று கேட்க எனக்கு நா எழாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நிலைமை வேறு. இப்போது பலர் திரும்பாமைக்குக் காரணம் வருமானம். பெற்றோர் கூறும் குறையின் நியாயம் இங்கேதான் இருக்கிறது. கற்கை விடுகையிற் சென்றவருடைய பதவி அவர் பெயரிலேயே இருக்கும். நிரந்தரமாக வேறொருவரை அதற்கு நியமிக்க இயலாது. அவர் வரமாட்டார் என்பது உறுதியாகி, பதவி வெறிதாக்கல் அறிவித்தல் அனுப்பி, வெற்றிடத்தை மீண்டும் விளம்பரப்படுத்துவதற்குள் மாணவர் ஒரு தொகுதி பட்டம் பெற்று வெளியேறிவிடும். பிணைப்பணம் அறவிடப்படலாம். அப்பணம் அந்தத் தொகுதிக்கு ஒரு பாடமும் நடத்தாது.

அந்த இடைவெளியை நிரப்புபவர் தற்காலிக உதவி விரிவுரையாளர். அண்மையிற் பட்டம் பெற்ற இளைஞர். தாம் நேற்றுக் கேட்டதை இன்று கற்பிக்கிறார். அவரை இகழ்ந்து நான் பேசவில்லை. வெல்லாவெளி போன்ற ஊரில் விஞ்ஞான ஆசிரியர் லீவிற் சென்றால் பதிலுக்கு வாவியைக் கடந்து ஒருவரும் வரமாட்டார். வரும் எவரையும் கையெடுத்து வரவேற்கும் நிலை எங்களது. ஆயினும் ஒரு துறையில் இருக்கும் ஐவரில் மூவர் ஒரே காலத்தில் வெளியே சென்றால், சாதாரண வீட்டுப் பிள்ளை யாரிடம் ஆராய்ச்சி பழகும்?

விடுகையை நிறுத்துவது இதற்கு மருந்தன்று. நிறுத்தினால் நல்லவர் வரவேமாட்டார். வந்தவரும் பழைய குறிப்பையே வருடந்தோறும் வாசிப்பார். துறைத்தலைவர்கள் விடுகைகளை முறை வைத்து, ஒருவர் திரும்பியபின் மற்றவரை அனுப்பலாம். விடுகை நீடிப்புக் கேட்பவரின் ஆய்வு எந்நிலையில் உள்ளது என்பதை ஆண்டுதோறும் கேட்டறியலாம். அந்தத் தற்காலிக விரிவுரையாளரையும் ஆறாறு மாதமாகக் காத்திருக்க விடாமல், பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ உயர்பட்டத்துக்குப் பதிவு செய்ய வழிசெய்யலாம். நிரந்தர வெற்றிடம் விளம்பரமாகும் நாளில், விண்ணப்பத்தோடு இணைக்க அவரிடமும் ஒரு பட்டம் இருக்கும்.