கூகுள் இல்லாத திறன்பேசியில் செயலி ஏன் திணறுகிறது?

மாணவர்களே, பழைய திறன்பேசியில் லினியேஜ் ஓஎஸ் போன்ற திறந்தமூல இயங்குதளத்தை நிறுவினால் அதற்கு மறுவாழ்வு கிடைக்கும். ஆனால், அதனுடன் கூகுள் சேவைகள் வருவதில்லை. அதனால் உரையாடல் செயலிக்குள் நுழையும்போது பிழைச்செய்தி வரலாம். பதற்றப்படாமல், காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். செயலி இணையும்போது, அதன் சேவையகம் ஒரு மின்னிலக்கச் சான்றிதழைக் காட்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் திறன்பேசி 2015ஆம் ஆண்டிலேயே நின்றிருந்தால், இன்றைய சான்றிதழ் அதற்குச் செல்லாததாகத் தெரியும், இணைப்பு மறுக்கப்படும். கூகுள்மீது பழிபோடும் முன் கடிகாரத்தைத் திருத்துங்கள்.

அடுத்து, குறுஞ்செய்தியில் வரும் 6 இலக்கக் குறியீடு. சில செயலிகள் அதைக் கூகுள் சேவையின் உதவியுடன் தாமாகவே படித்துக்கொள்ளும். அச்சேவை இல்லையென்றால் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். மீண்டும் மீண்டும் குறியீடு கேட்டால், செயலி உங்களை நெடுநேரம் காக்க வைக்கும்.

நுழைந்த பிறகும் செய்திகள் தாமதமாகின்றனவா? பல செயலிகள் கூகுளின் அறிவிப்புச் சேவையை நம்பியுள்ளன. அது இல்லாதபோது சிக்னல் செயலி தன் சேவையகத்துடன் நேரடியாகவே இணைந்திருக்கும். மின்கலச் சேமிப்பு அந்த இணைப்பைத் துண்டிக்காதபடி அமைப்பில் விலக்கு கொடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: "நான் சரிசெய்து தருகிறேன்" என்று யார் கேட்டாலும் குறியீட்டைச் சொல்லாதீர்கள். அது உங்கள் கணக்கின் சாவி. கொடுத்துவிட்டால், உங்கள் பெயரில் அவர் பேசுவார்.