நான்கு விசிறிகளும் ஒரு சிறு பலகையும்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைப்படிகளில் காவடி எடுத்துச் செல்வோரைப் பார்த்திருப்பீர்கள். காவடி இடப்பக்கம் சாய்ந்தால் எடுப்பவர் நின்று யோசிப்பதில்லை. உட்காதும் தோளும் சாய்வை உணர்கின்றன, மூளை கணக்கிடுகிறது, தசைகள் நிமிர்த்துகின்றன. நான்கு விசிறி ட்ரோனில் உணர்வதும் கணக்கிடுவதும் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு மின்னணுப் பலகையின் வேலை.

சென்ற மாதம் மலையடிவாரத்தில் இரு மாணவர்கள் கைப்பேசியில் அப்படியொரு புதிய பலகையின் படத்தைக் காட்டினார்கள். இன்னும் விற்பனைக்கு வரவில்லை, விவரமும் இல்லை. “இது எப்படிப் பறக்கும், சார்?” என்பது கேள்வி. படத்தை வைத்து எவ்வளவு ஊகிக்கலாம்? பார்ப்போம்.

எதிரெதிர் மூலையிலுள்ள இரு விசிறிகள் வலஞ்சுழியாகவும் மற்ற இரண்டும் இடஞ்சுழியாகவும் சுற்றுகின்றன. இல்லையேல் ட்ரோனே பம்பரமாகிவிடும். இடப்பக்கம் தாழ்ந்தால் அப்பக்க விசிறிகள் வேகம் கூட வேண்டும். இத்திருத்தம் விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நிகழ்கிறது. மனிதக் கை இதற்கு ஈடுகொடுக்காது.

சாய்வை அறிய இரண்டு கருவிகள் உண்டு. கைரோ எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று சொல்லும். ஆனால் அதை வைத்துக் கோணத்தைக் கணக்கிட்டால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். முடுக்கமானி ‘கீழ்’ எது என்று காட்டும். ஆனால் விசிறியின் அதிர்வில் தடுமாறும். ஆகவே நொடிப்பொழுதுக்குக் கைரோவையும், நீண்ட நேரத்துக்கு முடுக்கமானியையும் நம்பும்படி நிரல் எழுதுகிறார்கள்.

நார்வே நாட்டு ரோல்ஃப் பாக்கே உருவாக்கிய முதல் கே.கே. பலகையில் மூன்று கைரோக்கள் மட்டுமே இருந்தன. குச்சியை விட்டால் ட்ரோன் தானாக நிமிராது. ஓட்டுபவர்தான் நிமிர்த்த வேண்டும். பிரான்ஸைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் துபூஸின் வழி இன்னும் சுவையானது. நின்டென்டோ நிறுவனம் 2009-இல் ‘வீ’ விளையாட்டுக் கருவிக்குத் துணையாக வெளியிட்ட சிறு பெட்டிக்குள் மலிவான கைரோக்கள் இருந்தன. அதைப் பிரித்தெடுத்து ஆர்டுயினோ பலகையுடன் இணைத்தார்! ‘மல்ட்டிவீ’ என்ற பெயர் வந்தது அதனால்தான். அன்றைய பலகைகளை இன்று யாரும் தேடுவதில்லை. அந்த நிரலின் வழித்தோன்றலான ‘பீட்டாஃபிளைட்’ மட்டும் இன்றும் பந்தய ட்ரோன்களில் ஓடுகிறது.

எனவே மாணவர்களிடம் சொன்னேன்: படத்தில் சில்லின் எண் தெரியலாம், எத்தனை மோட்டார் இணைக்கலாம் என்பதும் தெரியலாம், நிரல் தெரியாது. ஒரே பலகை, நிரலை மாற்றியதும் வேறு பறவையாகிவிடும்.

படத்தில் நான் தேடியது பஞ்சுத் துண்டு. உயரம் காக்கும் பலகைகளில் காற்றழுத்தமானி இருக்கும். தரையருகே ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறைகிறது. மொத்த அழுத்தமோ ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல். மலைக்காற்று சற்றே வீசினாலும் அளவு குழம்பிவிடும். அதனால் அச்சில்லின் மேல் பஞ்சு ஒட்டுவது வழக்கம்.

இதை வெறும் விளையாட்டென்று எண்ண வேண்டாம். சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்ஷா’ குழு 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. நீங்கள் சோதிப்பதானால் முதலில் விசிறி இறக்கைகளைக் கழற்றிவிடுங்கள், விரல் போய்விடும். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளையும் படியுங்கள். கோயில் கூட்டத்தின் மேல் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பலகையின் ஓரத்தில் கருப்பாக ஏதோ இருந்தது. பஞ்சு என்றான் ஒருவன். நிழல் என்றான் மற்றவன். பலகை வரட்டும் என்றேன்.